அக்காவின் சைகைகள்

அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பாடங்களைப் பார்த்தவர்களுக்கு அவளைத் தெரிந்திருக்கும். பேராசிரியர் திரை முழுக்க நின்று பேசுவார். வலது பக்கக் கீழ்மூலையில், தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் அவர் பேசுவதையெல்லாம் கைகளால் சொல்லிக்கொண்டிருப்பாள். பாடம் முடிந்ததும் பேராசிரியரின் பெயர் வரும், படம் பிடித்தவர் பெயர் வரும், ஒலி சேர்த்தவர் பெயர் வரும். அவள் பெயர் வராது. பதிவுக்கூடத்தில் எல்லோரும் அவளைக் "கட்டம்" என்றுதான் கூப்பிட்டார்கள். "கட்டம் வந்தாச்சா? லைட்டைப் போடுங்கப்பா" என்பார் கேமராக்காரர். அவளும் சிரித்துக்கொண்டே தன் இடத்தில் போய் நிற்பாள். இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளும் ஆளில்லை.

அவள் சைகை மொழியை எந்தப் பயிற்சி நிலையத்திலும் படிக்கவில்லை. அக்காவிடமிருந்து வந்தது. அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சின்னவளுக்கு வாய்ப்பேச்சுக்கு முன்னாலேயே கைப்பேச்சு வந்துவிட்டது என்று அம்மா சொல்வாள். பசித்தால் அழமாட்டாளாம், விரல்களைக் குவித்து வாயில் தட்டிக் காட்டிவிட்டுச் சமர்த்தாக உட்கார்ந்திருப்பாளாம்.

பேச ஆரம்பித்த நாள் முதல் அவள்தான் அக்காவின் வாய். கடையில், வங்கியில், ஆஸ்பத்திரியில், "எங்க அக்கா என்ன சொல்றாங்கன்னா" என்று தொடங்கும் வாக்கியம் அவள் நாக்கில் தேய்ந்தே போனது. அக்காவுக்கு வந்த ஒரே கல்யாணப் பேச்சு முறிந்தபோது, அந்த வீட்டுக்காரர்கள் சொன்ன காரணத்தை அக்காவிடம் சொல்ல வேண்டியவளும் அவளே. அப்போது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். "கொஞ்சம் மாத்திச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடி?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கண்டுபிடிச்சிடுவாம்மா. அப்புறம் என் கையை நம்பவே மாட்டா" என்றாள் இவள்.

அம்மா போன பிறகு இருவரும் ஒரு சலவைக் கடையின் மாடியில் இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள். கீழே அக்கா துணி தேய்த்தாள். வீட்டில் எப்போதும் சூடான துணியின் வாசனை. அக்காவைக் கூப்பிட வேண்டுமென்றால் விளக்கை அணைத்துப் போட வேண்டும். அவசரமென்றால் தரையில் காலால் உதைக்க வேண்டும். கீழ்க் கடைக்காரர், "உங்க வீட்டுல சத்தமே இல்ல, ஆனா ஏன் கூரை மட்டும் இப்படி அதிருது?" என்று கேட்பார்.

பல்கலைக்கழகத்தில் உயிரியல் பாடத்தை இணையத்தில் ஏற்றத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. சைகை மொழியில் சோறு உண்டு, சண்டை உண்டு, வீட்டு வாடகை உண்டு. ஆனால் சவ்வூடு பரவலுக்கு, நொதிக்கு, பச்சையத்துக்கு எங்கே போவது? ஒவ்வொரு எழுத்தாக விரலில் காட்டுவதற்குள் பேராசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். முதல் பதிவு முடிந்து நேராகச் சலவைக் கடைக்கு வந்தவள், "என்னால முடியாதுக்கா. பாதி வார்த்தைக்குச் சைகையே இல்ல. வேலையை விட்டுடறேன்" என்றாள் கைகளால்.

"என்ன வார்த்தை அது? அர்த்தம் சொல்லு" என்றாள் அக்கா.

இவள் பாடக் குறிப்பைப் படித்து விளக்கினாள். மெல்லிய தோல் ஒன்று இருக்கும், தண்ணீர் மட்டும் அதைத் தாண்டி அந்தப் பக்கம் போகும். அக்கா இஸ்திரி மேசையில் கிடந்த ஈரத்துணியைப் பார்த்தாள். பிறகு இடது கை விரல்களை லேசாக அகட்டி முகத்துக்கு முன்னால் பிடித்து, வலது கை விரல் நுனிகளை அந்த இடுக்குகள் வழியே மெல்ல மெல்லத் துளிர்க்க விட்டாள். ஈரத்துணியில் நீர் கசிவதை நாள் முழுக்கப் பார்ப்பவளின் கை அது.

அப்படித்தான் எல்லாம் உண்டாயின. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மேசையில் இரண்டு தம்ளர் தேநீரை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். இவள் அர்த்தம் சொல்வாள், அக்கா சைகை கண்டுபிடிப்பாள். எல்லாமே உடனே அமைந்துவிடவில்லை. நொதிக்கு அக்கா முதலில் காட்டிய சைகை ஏதோ கெட்ட வார்த்தை மாதிரி இருந்தது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இழைமணிக்கு நாலு வாரம் சண்டை. அக்கா பத்தாம் வகுப்போடு நின்றவள். பள்ளியில் அவளுக்குப் பாடம் சொல்ல யாருமில்லை. இப்போது தங்கையின் கட்டத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாடத்தையும் பார்த்தாள். "அந்தப் பேராசிரியர் தேவையில்லாம நடுவுல நிக்கறாரு. அவரைக் கொஞ்சம் ஓரமாப் போகச் சொல்லு" என்பாள். பிறகு காது கேளாதோர் சங்கத்து அறையில் சனிக்கிழமைதோறும் வகுப்பெடுக்கவும் தொடங்கினாள். நாற்காலி போதாமல் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள்.

சில வருடங்கள் கழித்துப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு யோசனை வந்தது. கட்டத்தில் இருந்த சைகைகளை மட்டும் தனியே வெட்டி எடுத்து, அறிவியல் சொற்களுக்கான சைகை அகராதி ஒன்றை உண்டாக்கி, மற்ற பல்கலைக்கழகங்களுக்கும் அனுமதிக் கட்டணத்துக்குக் கொடுப்பது. அதற்கு உரிமைப் பிரிவு அதிகாரி அவளைக் கூப்பிட்டனுப்பினார். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேசை முழுக்கத் தேடும் பெண்மணி. கெட்டவர் இல்லை.

"பாட வீடியோவெல்லாம் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம், அது உங்க ஒப்பந்தத்துலயே இருக்கு. ஆனா இந்தச் சைகைகள் புதுசு. இதை யார் உருவாக்கினாங்கன்னு தெளிவா இருக்கணும். நீங்கதானே?"

"ஆமா மேடம்" என்றாள் அவள்.

"வேற யாருக்காவது பங்கு இருந்தாச் சொல்லிடுங்க. அவங்ககிட்டயும் சம்மதம் வாங்கணும். தாமதம் ஆகும், பரவால்ல. பின்னாடி சிக்கல் வரக் கூடாது."

அக்கா என்ற சொல் தொண்டை வரை வந்தது. அது ஏன் அங்கேயே நின்றுவிட்டது என்று அவள் பிற்பாடு எத்தனையோ முறை தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். அக்காவுக்கு எதற்கு இந்தக் காகிதத் தொல்லை என்று அப்போது மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். உண்மை அதுவல்ல. அகராதியின் முதல் பக்கத்தில் அவளுடைய படமும் பெயரும் வரும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். பிறந்ததிலிருந்து அடுத்தவர் பேச்சையே பேசிக்கொண்டிருந்தவளிடம் முதல்முறையாக ஒருத்தர், இது உன்னுடையதா என்று கேட்கிறார். ஒரே ஒரு தடவை ஆமாம் என்று சொல்லிப் பார்க்க ஆசையாக இருந்தது.

"வேற யாரும் இல்ல மேடம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

அகராதி வெளிவந்தது. அதை அவள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அக்கா கேட்டபோது, "ஆபீஸ் சமாச்சாரம்" என்று கையை உதறிவிட்டாள்.

குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், சங்கத்திலிருந்து அக்கா படபடவென்று மாடியேறி வந்தாள். கைப்பேசியை நீட்டினாள். அவளுடைய வகுப்பைச் சங்கத்தில் வீடியோ எடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் இப்போது வெறும் சாம்பல் நிறத் திரை. உரிமையாளரின் புகாரின் பேரில் நீக்கப்பட்டது என்று ஒரே ஒரு வரி. கீழே பல்கலைக்கழகத்தின் பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும்.

"உரிமையாளரா? எனக்கே தெரியாம எனக்கு யாரு உரிமையாளர்?" என்று கேட்டாள் அக்கா. கோபம் பாதி, சிரிப்பு பாதி. "ஃபோனைப் போடு. நான் பேசறேன்."

இவள் கைப்பேசியைத் தள்ளி வைத்தாள். "திங்கட்கிழமை நான் ஆபீஸ்ல நேர்ல கேட்டுட்டு வரேனே."

"நீ ஏன் கேக்கணும்? என் வகுப்பு. நான் கேக்கறேன். நீ சொல்லு, போதும்."

வேறு வழியில்லை. கைகள் இரண்டும் வேண்டுமென்பதால் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். மறுமுனையில் ஓர் இளைஞன் எடுத்தான். அலுவலகத்துக்குப் புதியவன் போலிருந்தது. இவள் குரலை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

அக்காவின் கைகள் கேட்டன. இவள் வாய் அதைச் சொன்னது. "என்னோட வகுப்பு வீடியோவை ஏன் நீக்கினீங்க?"

"அதுல இருக்கற சைகைகள் எங்க பல்கலைக்கழகத்தோட அகராதியைச் சேர்ந்தது மேடம். அனுமதி இல்லாமப் போடக் கூடாது."

இவள் அதைக் கைகளால் சொன்னாள்.

"அதெல்லாம் நான் உண்டாக்கினது" என்றாள் அக்கா. இவள் அதைக் குரலில் சொன்னாள். தன் குரலே தனக்கு வேறு யாருடையதோ போல் கேட்டது.

"அப்படி இருக்க வாய்ப்பில்லீங்களே. எங்க மொழிபெயர்ப்பாளர் தனியா உருவாக்கினது. வேற யாருக்கும் பங்கில்லன்னு அவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க."

அவள் கைகள் அந்தரத்தில் நின்றுவிட்டன. அக்கா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ தவறு நடந்திருக்கிறது, பார்த்துச் சொல்கிறார்களாம் என்று இரண்டு அசைவில் முடித்திருக்கலாம். அக்காவுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அந்தப் பொய்க்கு அவள் கைகள் பழகியிருக்கவில்லை. அவன் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"எந்த மொழிபெயர்ப்பாளர்? பேரைக் கேளு" என்றாள் அக்கா.

"எந்த மொழிபெயர்ப்பாளர்?" என்றாள் அவள், தொலைபேசியைப் பார்த்து.

"ஒரு நிமிஷம் மேடம், பார்த்துச் சொல்றேன்" என்றவன் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, அவளுடைய முழுப் பெயரை அட்சரம் பிசகாமல் வாசித்தான்.

அக்காவின் மொழியில் அந்தப் பெயருக்கு எழுத்துகள் கிடையாது. இவள் சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும். அந்த இடத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினால் அதுதான் இவள் பெயர். குழந்தையாக இருந்தபோது அக்கா வைத்தது. இவள் விரலைத் தூக்கித் தன் கன்னத்தில் அழுத்தினாள்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றான் அவன். "மேடம்?"

அக்கா கை நீட்டித் தொடர்பைத் துண்டித்தாள். பிறகு கண்களை மூடிக்கொண்டாள்.

காது கேட்பவர்கள் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாலும் நாம் பேசுவது அவர்கள் காதில் விழத்தான் செய்யும். அக்கா கண்ணை மூடிவிட்டால் உலகத்தில் எந்த வார்த்தையும் அவளுக்குள் போகாது. "அக்கா, மன்னிச்சிடு, தெரியாமப் பண்ணிட்டேன்" என்று இவள் மூடிய கண்களுக்கு முன்னால் கைகளை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அக்காவின் கையைப் பிடித்து உள்ளங்கையில் விரலால் எழுதப் பார்த்தாள். அக்கா கையை இழுத்துக்கொண்டாள். முரட்டுத்தனமாக இல்லை. கொதிக்கும் பாத்திரத்திலிருந்து எடுப்பதுபோல்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் விளக்கு அணைந்து எரியவில்லை, தரை அதிரவில்லை. சோறு இருந்தது, துவைத்த துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. தங்கை அறைக்குள் வந்தால் அக்கா ஜன்னலைப் பார்ப்பாள். கூரை ஏன் இப்போது சும்மா இருக்கிறது என்று கீழ்க் கடைக்காரர் ஒருநாள் கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து மேற்கொண்டு கேட்காமல் போய்விட்டார்.

அவள் உரிமைப் பிரிவுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு வரியில முடிஞ்சிருக்கும்மா. உங்க அக்கா பேரையும் சேர்த்திருப்பேன். வேற யாரும் இல்லன்னு நீங்க எழுதிக் கொடுத்ததை நம்பி நாங்க நாலு இடத்துல ஒப்பந்தம் போட்டிருக்கோம்."

"தப்பு என்னோடதுதான் மேடம். அவ வகுப்பை மட்டும் திருப்பிப் போட்டுடுங்க."

"அதை இன்னைக்கே போடச் சொல்றேன். நியாயமாப் பார்த்தா ஒரு வகுப்பு நடத்தறவங்க மேல புகார் கொடுக்கற அளவுக்கு எங்க வக்கீல் போயிருக்கவே கூடாது. ஆனா அகராதியை நிறுத்தியாகணும். அவங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசணும்." காகிதங்களை ஒதுக்கிவிட்டு, "நீங்க மொழிபெயர்க்க முடியாது, தெரியும்ல? நீங்களும் இதுல ஒரு தரப்பு" என்றார்.

அப்படித்தான் அவள் அக்காவுக்கு எதிரே, நீளமான மேசைக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். அக்காவின் பக்கத்தில் வெளியிலிருந்து வரவழைத்த ஒரு மொழிபெயர்ப்பாளர், சின்னப் பெண். அக்காவின் கைகள் அசைந்தன. அந்தப் பெண்ணின் வாயிலிருந்து "நான்" என்று வந்தது. சன்னமான, பழக்கமில்லாத குரல். இத்தனை வருடம் தன் தொண்டையில் இருந்த அக்கா எழுந்து வேறு வீட்டுக்குப் போய்விட்டது போலிருந்தது அவளுக்கு.

"இந்தச் சைகைகளை நான் உருவாக்கினேன்" என்றது அந்தக் குரல். "யார் வேணும்னாலும் பயன்படுத்தட்டும். பூட்டுப் போடக் கூடாது. காது கேளாத பிள்ளைகள்கிட்ட அனுமதி கேக்கச் சொல்லக் கூடாது. என் பேரைப் போடணும். முதல்ல போடணும்."

"தாராளமா" என்றார் அதிகாரி. "அந்த அர்த்தங்களை விளக்கிச் சொன்னவங்கன்னு உங்க தங்கச்சி பேரை ரெண்டாவதா போடலாமா?"

அக்கா தங்கையைப் பார்க்காமலே பதில் சொன்னாள். "அது உங்க இஷ்டம். ஆனா பாடங்கள்ல இப்ப இவ இருக்கா. அதை மாத்தணும். வேற யாராவது செய்யட்டும்."

"ஏன்னு தெரிஞ்சுக்கலாமா?"

அக்கா இரண்டு கைமுட்டிகளையும் மூக்கருகே கொண்டுவந்து எதிரெதிராக முறுக்கினாள். சின்னப் பெண் ஒரு கணம் தடுமாறினாள். அந்தச் சைகை எந்த அகராதியிலும் கிடையாது. பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து ஊகித்து, "அவங்க கையைப் பார்க்க எனக்குச் சங்கடமா இருக்கு" என்றாள்.

சங்கடம் இல்லை. அது அவர்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்த சைகை. அடுப்பிலிருந்து இறக்கிய பால் திரிந்துபோயிருந்தால் அக்கா அம்மாவிடம் அப்படிக் காட்டுவாள். அந்த அறையில் அது புரிந்தவள் ஒருத்திதான். தப்பாகச் சொல்கிறாயம்மா என்று திருத்த அவள் வாய் துடித்தது. ஆனால் இன்று அது அவள் வேலையில்லை. குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அக்கா கேட்டபடியே நடந்தது. பல்கலைக்கழகம் சைகைகளின்மேல் உரிமை கொண்டாடுவதைக் கைவிட்டது. அகராதி திருத்தப்பட்டு, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற குறிப்போடு வந்தது. முதல் பக்கத்தில் இஸ்திரி மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் அக்காவின் படம். பாடங்களைப் புதிதாகப் பதிவு செய்ய அந்தச் சின்னப் பெண் வந்தாள். கடைசி நாளன்று கேமராக்காரர், "என்ன கட்டம், எங்களை விட்டுட்டுப் போறீங்களே" என்றார். அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. அவருக்கு எதுவும் தெரியாது. கறுப்புச் சட்டையைக் கூடத்திலேயே விட்டுவிட்டு வந்தாள். புதிய பதிவுகள் வந்ததும் பழையவை இணையத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போயின. அக்கா சங்கத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது தங்கையின் துணிகளையும் தேய்த்து அடுக்கி வைத்துவிட்டுத்தான் போனாள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தங்கைக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவளுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. டாக்டருக்கும் காது கேளாத நோயாளிகளுக்கும் நடுவில் நிற்கும் வேலை. இரண்டு வருடம் போல ஆகியிருக்கும். ஒருநாள் கழுத்து வீக்கத்தோடு ஓர் இளம்பெண் வந்தாள். டாக்டர் சோதனை முடிவுகளைப் பார்த்துப் பேச, இவள் கைகளால் சொன்னாள். அந்தப் பெண் திருப்பி ஏதோ கேட்டாள். கேள்வியின் நடுவில், தொண்டையருகே ஒரு சிட்டிகை எடுத்து அதைத் தோளிலும் வயிற்றிலும் தொடையிலும் தூவினாள்.

இவளுக்கு அது புரியவில்லை.

அந்தக் கையின் வளைவு, சிட்டிகையைத் தூவும்போது மணிக்கட்டு சற்றே தாமதிக்கும் விதம், எல்லாம் தெரிந்ததாக இருந்தது. அர்த்தம் மட்டும் தெரியவில்லை. திரும்பச் சொல்லும்படி கேட்டாள். வெளியாட்களுக்குச் சொல்வதுபோல் அந்தப் பெண் பொறுமையாக, ஒவ்வொரு எழுத்தாக விரலில் காட்டினாள். ஹார்மோன்.

"யார் சொல்லிக்கொடுத்தது?"

"எங்க டீச்சர். சனிக்கிழமை வகுப்புல. நிறையப் புதுசு புதுசாச் சொல்லித் தருவாங்க. உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் அவள். பிறகு, "இந்தச் சைகையை நானும் பயன்படுத்தலாமா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் விழித்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். "இதுக்கெல்லாம் யாராவது கேப்பாங்களா?"

"என்ன சொல்றாங்க?" என்றார் டாக்டர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

"மன்னிச்சிடுங்க டாக்டர்" என்றாள் அவள். "ஹார்மோன் குறைச்சலா, அதிகமான்னு கேக்கறாங்க."

"குறைச்சல். மாத்திரையிலேயே சரி பண்ணிடலாம், பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க."

அவள் திரும்பி, தொண்டையருகே ஒரு சிட்டிகை எடுத்தாள். முதல் தடவை சரியாக வரவில்லை. அந்தப் பெண் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து, எப்படித் தூவ வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள்.